அஞ்சினேன் என்றால் போதுமா?

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். வருத்தும் தெய்வமும் பேயும் முதல் வகை. கொடிய விலங்கு இரண்டாம் வகை. கள்வர் மூன்றாம் வகை. நம்மை ஆளும் இறை நான்காம் வகை. இறை என்பதை அரசன் என்று மட்டும் கொள்ளாமல் தந்தை, ஆசிரியர், மேலதிகாரி என்று விரித்துக் கொண்டாலும் பொருள் கெடாது. முதல் மூன்று வகை அச்சங்களையும் இன்று உலகெங்கும் கணினி விளையாட்டுகளாகச் செய்து விற்கிறார்கள். நான்காம் வகை நமக்கு வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இக்கட்டுரை இரண்டையும் பற்றியது.

திகில் விளையாட்டுகளைப் பெருநிறுவனங்கள்தாம் உருவாக்க வேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. ஓர் அறைக்குள் ஒருவரோ இருவரோ அமர்ந்து, படம் வரைந்து, ஒலி சேர்த்து, நிரல் எழுதி, ஒரு பேயை நடமாட விட்டுவிடுகிறார்கள். இத்தகைய சிறு முயற்சிகளை ‘இண்டி’ விளையாட்டுகள் என்கிறார்கள். பின்னால் முதலாளியும் இல்லை, விளம்பரப் பலகையும் இல்லை. ஆகவே வேலை முடிவதற்கு முன்பே முதற்பகுதியை மட்டும் ‘டெமோ’ என்று இணையத்தில் இலவசமாக வைத்து, எங்கே அஞ்சினீர்கள், எங்கே அஞ்சவில்லை, எங்கே சலித்துப் போனீர்கள் என்று விளையாடுகிறவர்களைக் கேட்கிறார்கள். ஸ்டீம் என்னும் இணைய அங்காடி 2013-ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே சென்று, முடிவு பெறாத விளையாட்டையே விற்று, வாங்கியவர் சொல்லும் குறைகளைக் கேட்டுத் திருத்திக் கொண்டே போகும் முறையைத் தொடங்கியது. இங்கிலாந்தில் தனியொருவர் முயற்சியாகத் தொடங்கி 2020 செப்டம்பரில் இம்முறையில் வெளிவந்த ‘பாஸ்மோபோபியா’, விளையாடியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டே ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது.

கேட்கிறார்கள்; நாம் என்ன சொல்கிறோம்? ‘சூப்பர்’, ‘மரண பயம்’, ‘மொக்கை’. இம்மூன்று சொற்களுக்குள் நம் தலைமுறையின் திறனாய்வு முடிந்துவிடுகிறது. நடுநிசியில் நான்கு பேர் கூடி அலறுவதை அலைபேசியில் பிடித்து அனுப்புவதையும் கருத்து என்றே சிலர் நினைக்கிறார்கள். அலறல் அலறல்தான். அதை வைத்துக்கொண்டு அந்த விளையாட்டைச் செய்தவர் எதைத் திருத்துவார்?

கல்லூரி மலரில் பேய் விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். திரைப்படத்தையும் நாடகத்தையும் பற்றி எழுதலாம் என்றால் இதைப் பற்றியும் எழுதலாம். மேலும், திரைப்படத்தைச் செய்து முடித்த பின்னரே நம்மிடம் காட்டுகிறார்கள். இதில் செய்து கொண்டிருக்கும்போதே நம்மைக் கேட்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என் போன்றவர்களிடம் ‘உன் கருத்து என்ன?’ என்று இதுவரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

கருத்து என்ன செய்யும் என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். அமெரிக்காவில் ஸ்காட் காத்தன் என்பவர் குழந்தைகளுக்காக ‘சிப்பர் அண்டு சன்ஸ் லம்பர் கம்பெனி’ என்று ஒரு விளையாட்டைச் செய்தார். மரம் அறுக்கும் பீவர் குடும்பத்தின் கதை. பார்த்தவர்கள், இந்த விலங்குகள் உயிருள்ளவை போல் இல்லை, சாவி கொடுத்த பொம்மைகள் போல் அசைகின்றன, பார்க்கவே பயமாக இருக்கிறது என்று எழுதினார்கள். மனிதர் நொந்துதான் போனார். ஆனால் அந்தச் சொல்லைக் கீழே போட்டுவிடவில்லை. இயந்திர பொம்மைகள்தாமே அச்சம் தருகின்றன, அப்படியானால் அவற்றையே பேயாக்குவோம் என்று துணிந்தார். 2014 ஆகஸ்டில் ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடீஸ்’ பிறந்தது. 2023-இல் அது திரைப்படமாகவும் வந்தது. ‘நன்றாயில்லை’ என்று மட்டும் அன்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. எது, எவ்வாறு நன்றாயில்லை என்று எழுதினார்கள், அதனால் நடந்தது.

அந்த விளையாட்டில் நாம் ஓர் உணவு விடுதியின் இரவுக் காவலாளி. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை அறையில் உட்கார்ந்து கண்காணிப்புக் கேமராக்களை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரம் அளவோடுதான் உண்டு. கதவை மூடினால் செலவாகும், விளக்கைப் போட்டாலும் செலவாகும். பொம்மைகள் நெருங்கி வரும். என் தந்தையார் ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் உண்மையிலேயே இரவுக் காவலர். அலைபேசியில் இதை அவரிடம் காட்டி, ஆறு மணி அடித்ததும் பேய்கள் போய்விடும் என்று விளக்கினேன். “ஆறு மணிக்கே விட்டுடுமா? எங்க ரிலீவர் ஏழரைக்குத்தாண்டா வருவான்” என்றார். அங்கே பேய் பயம் உண்டா என்று கேட்டதற்கு, “பேய் எங்க வரப்போவுது? கண்ணு அசந்தா ரவுண்ட்ஸ் வர்ற சூப்பர்வைசர் போட்டோ எடுத்து குரூப்ல போட்டுடுவாரு, அதான் பயம்” என்றார். தொல்காப்பியரின் நான்காம் வகையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு உரைத்ததில்லை. அந்த விளையாட்டைச் செய்தவருக்கு என் தந்தையார் ஒரு வரி எழுதியிருந்தால், ஆறாவது இரவில் பேய்க்குப் பதில் ஒரு மேற்பார்வையாளர் வந்திருக்கலாம்!

கருத்துச் சொல்லாமல் போவதாலும் கேடு விளையும். ஸ்டீம் அங்காடியில் ஒரு விளையாட்டை வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். பொருள் வாங்குவோருக்கு இது நல்ல பாதுகாப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் ‘சம்மர் ஆஃப் ’58’ என்ற திகில் விளையாட்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பலர் முழுவதும் ஆடி முடித்து, மகிழ்ந்து, பணத்தையும் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். எமிகா கேம்ஸ் என்ற பெயரில் அதைச் செய்தவர், விளையாட்டு உருவாக்கும் தொழிலிலிருந்து காலவரையின்றி விலகுவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தார். நல்ல பாராட்டுகள் வந்திருந்தும் இந்த நிலை. பந்தியில் முழுச் சாப்பாடு சாப்பிட்டுக் கை கழுவிய பின் ‘இலையைத் திருப்பி எடுத்துக்கொள்’ என்பது போலத்தான்.

அப்படியானால் பயனுள்ள கருத்து எப்படி இருக்க வேண்டும்? இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் நிற்கும் என் அக்காவிடம் கற்றேன். அவள் கையில் வரும் பொருள் சரியென்றால் ‘ஓகே’, சரியில்லை என்றால் ‘என்.ஜி.’ ஆனால் வெறும் என்.ஜி. என்று ஒட்டி அனுப்பினால் லைன் லீடர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். கீறலா, இடைவெளியா, எந்த மூலையில், எவ்வளவு என்று குறிக்க வேண்டும். அப்போதுதான் எந்த இயந்திரத்தில் பிழை என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடியும். “மூஞ்சிய சுளிச்சா ரீவொர்க் பண்ண முடியாதுடா” என்பாள். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட அவளுடைய இந்த ஒரு வாக்கியத்தை நம் திறனாய்வாளர் சிலருக்கு அனுப்பி வைக்கலாம்.

சென்ற விடுமுறையில் நாங்கள் நால்வர் இவ்வாறே ஒரு டெமோவைச் சோதித்தோம். எங்கோ ஒரு குளிர்நாட்டில் கைவிடப்பட்ட மருத்துவமனை, நீண்ட நடைவழி, கையில் ஒரு டார்ச் விளக்கு. வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நண்பன் குடியிருக்கும் அறையில், என் அத்தை மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த அரசு மடிக்கணினியில் ஆடினோம். நைட் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்ஸின் வெளிச்சம் அவ்வப்போது ஜன்னலில் ஓடும். அது விளையாட்டில் இல்லாத அச்சத்தையும் கொஞ்சம் சேர்த்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவன் ஆட, ஒருவன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல, நான் நோட்டில் எழுதினேன்.

11-ஆம் நிமிடத்தில் பேய் முதன்முதலாகத் தோன்றியது. கண்ணாடிக்கு அப்பால், வெகு தூரத்தில், அசையாமல் நின்றது. ஒருவரும் கத்தவில்லை, ஆனால் எல்லோரும் சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். இதுதான் அந்த டெமோவின் சிறந்த கணம் என்று எழுதினோம். 19-ஆம் நிமிடத்தில் பேரொலியோடு முகத்துக்கு நேரே பாய்ந்தது. துள்ளினோம். ஆனால் இது திடுக்கிடல் மட்டுமே, அச்சத்தில் சேராது என்பது என் துணிபு. பின்னால் யாரேனும் லட்சுமி வெடி வைத்தாலும் உடம்பு தானே துள்ளும். அதற்காக லட்சுமி வெடியை நினைத்து எவரும் இரவில் விளக்கை எரியவிட்டுத் தூங்குவதில்லை. மேலும், பாய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் பின்னணி இசை நின்றுவிடுகிறது. இரண்டாம் முறையே அதைக் கண்டுகொண்டோம். மூன்றாம் முறை இசை நின்றதும் நால்வரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

27-ஆம் நிமிடத்தில்தான் வேடிக்கை. பேய் துரத்தி வந்து ஒரு கதவில் சிக்கிக் கொண்டது. முகம் சுவருக்குள் போய்விட்டது. கால்கள் மட்டும் நின்ற இடத்திலேயே ஓடிக் கொண்டிருந்தன. வெகுநேரம் அதன் முதுகைச் சுற்றி வந்து பார்த்தோம். ஒருமுறை சிரித்துவிட்ட பேய்க்கு மறுபடி அஞ்சுவது கடினம். அதற்குப் பிறகு வரும் ஓர் அலமாரிக்குள் சாவி இருக்கிறதாம். எங்கள் திரையில் அந்த அலமாரியே தெரியவில்லை, எங்கும் ஒரே கறுப்பு. 20 நிமிடங்கள் தேடினோம். அச்சம் மெல்ல மெல்லப் பரீட்சை எழுதுவது போன்ற சலிப்பாக மாறிவிட்டது.

இங்கே இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்றைக் கூற விரும்புகிறேன். கருத்துச் சொல்கிறவர் தம் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டு வினாடிக்கு 60 படங்கள் காட்டும்படி அமைந்தது. அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லி வினாடி. எங்கள் பழைய மடிக்கணினி வினாடிக்கு 15 படங்களுக்கு மேல் தள்ளாடியது. இடைவெளி 67 மில்லி வினாடி. வழுக்கி வர வேண்டிய பேய் நொண்டி வந்தது. ஒலியும் அப்படியே. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலியைக் கேட்கும். திகில் விளையாட்டு செய்வோர் அடிவயிற்றில் உறுமுவது போன்ற தாழ்ந்த ஒலியை நம்பித்தான் பாதி வேலையைச் செய்கிறார்கள். மடிக்கணினியின் கட்டைவிரலளவு ஒலிபெருக்கியிலோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் மிகவும் நலிந்துவிடும். அவர் உறுமல் வைத்த இடத்தில் நாங்கள் மின்விசிறியின் ஓசையைத்தான் கேட்டோம். அலைபேசியின் இயர்போனை மாட்டிய பிறகே அங்கே ஓர் ஒலி இருப்பது தெரிந்தது.

விசிறி என்றதும் நினைவுக்கு வருகிறது. விக் டாண்டி என்ற ஆங்கிலப் பொறியாளர் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாம் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் பேய் உலவுவதாக எல்லோரும் நடுங்கியதற்குக் காரணம், புதிதாகப் பொருத்திய ஒரு விசிறி எழுப்பிய ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வு என்றார். அவர் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் நடுங்கிக் கொண்டு ஓடாமல், எதனால் நடுங்குகிறோம் என்று அளந்து பார்த்த அந்த மனப்பான்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்தது, எந்த அச்சம் என்ற கேள்வி. எல்லா நாட்டுப் பேயும் எல்லோரையும் அச்சுறுத்தாது. 2010-இல் சுவீடன் நாட்டார் வெளியிட்ட ‘அம்னீசியா’வில் நம் கையில் ஆயுதமே கிடையாது, ஓடி ஒளியத்தான் முடியும். பிறகு வந்தவர்கள் பலரும் அந்த வழியையே பிடித்துக்கொண்டார்கள். பனி பெய்யும் மாளிகைகளும் மருத்துவமனைகளும் மலிந்துவிட்டன. இந்தோனேசியாவில் பாண்டுங் நகரத்து இளைஞர்கள் 2014-இல் ‘டிரெட்அவுட்’ செய்தபோது தங்கள் ஊர்ப் பேய்களையே இறக்கினார்கள். பிணத்துணி சுற்றியபடியே தாவி வரும் பேய் அவர்கள் பாட்டி சொன்ன பேய். தைவான் நாட்டில் 2017-இல் வந்த ‘டிடென்ஷன்’ இன்னும் ஆழமானது. 1960-களில் இராணுவச் சட்டம் நடந்த காலத்துப் பள்ளிக்கூடம், தடை செய்யப்பட்ட நூல்களைக் கூடிப் படிக்கும் மாணவர்கள், காட்டிக் கொடுத்தல். அதில் பேய் ஒரு போர்வைதான். உண்மையான அச்சம் அரசின் அச்சம். நான்காம் வகையை எடுத்து விளையாட்டாக்கத் துணிந்தவர்களை நான் பாராட்டுகிறேன்.

நம் நாட்டிலும் ‘கம்லா’ என்று ஒன்று உண்டு. 1980-களின் இந்தியக் கிராமம். பேய் பிடித்த புது மணப்பெண். அவளை மீட்கச் சடங்குப் பொருள்களைத் தேடி அலைய வேண்டும். பின்னணி நமக்கு நெருக்கமானது. எனவே அச்சமும் நெருக்கமாக இருக்கிறது. ஆனால் இதற்குக் கருத்துச் சொல்வதென்றால் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும்: பேய் பிடிப்பது ஏன் எப்போதும் மருமகளையே? நம் ஊர்களிலும் வேப்பிலையால் அடிபடுகிறவள் பெரும்பாலும் அவள்தான். தன் வாயால் சொன்னால் அறை விழும் என்பதைப் பேயின் வாயால் அவள் சொல்லிவிடுகிறாள் என்று பாட்டிமார் சிலரே குறிப்பாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கும் ஒரு விளையாட்டு வந்தால், அது திகில் விளையாட்டாக இருக்குமா, வேறொன்றாக இருக்குமா?

தமிழ் வாழ்க்கையை விளையாட்டில் எவர் பார்ப்பார் என்ற ஐயத்துக்கு 2023-இல் ‘வெண்பா’ விடை கூறிவிட்டது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்பங்கரையை வைத்து, டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி ஊற்ற வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, முதற்படைப்புக்கான விருதை அதற்கு அளித்தது. இட்லிக்கே உலகம் கைதட்டும் என்றால் நம் காட்டேரியும் முனியும் என்ன குறைந்து போய்விட்டார்கள்? ஆர்க்காட்டு நவாபின் பெயரைத் தாங்கி, ஆங்கிலேயர் காலத்தில் படைவீரர் பாளையமாக இருந்த ஊர் நம்முடையது. பக்கத்திலேயே பாலாறு. மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் காலை வைக்கும் அச்சத்துக்கு எந்தப் பேயும் ஈடாகாது. 2021 நவம்பரில் ஆறு பெருகி வந்ததைக் கண்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இவ்வளவும் சொல்ல நமக்கு ஆங்கிலம் வேண்டுமே என்று நண்பர்கள் தயங்குகிறார்கள். நாங்கள் தமிழில்தான் எழுதினோம். நிமிடக் கணக்கு, மடிக்கணினியின் நினைவகம், இயர்போன் இருந்ததா இல்லையா எல்லாம் எழுதி, கணினி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் கீழே சேர்த்து அனுப்பினோம். 27 என்ற எண்ணுக்கு எந்த மொழியிலும் பொருள் ஒன்றுதானே! தயக்கத்தின் காரணம் மொழி மட்டும் என்று நான் நம்பவில்லை. பருவ முடிவில் கல்லூரிகளில் மாணவர்களுக்கு ஒரு கருத்துப் படிவம் தருகிறார்களே, அதில் நம்மில் பெரும்பாலோர் கேள்வியைக் கூடப் படிக்காமல் மேலிருந்து கீழ்வரை ‘மிக நன்று’ என்று குறித்துவிட்டுப் போகிறோம். அந்தப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது. பெயர் எழுதத் தேவையில்லை என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆயினும் பேனா ‘மிக நன்று’ என்ற கட்டத்தை விட்டு நகர்வதில்லை. பேய்க்கு அஞ்சாத நம் வகுப்பு வீரர்கள்தாம் இவ்வாறு செய்கிறவர்கள்.

எங்கள் கடிதத்துக்கு இரண்டு நாளில் பதில் வந்தது. நன்றி என்ற சொல்லோடு ஒரே ஒரு கேள்வி: பேய் கதவில் சிக்கியபோது நீங்கள் கதவின் எந்தப் பக்கம் நின்றீர்கள்? உள்பக்கம், இடது ஓரமாக என்று நோட்டைப் பார்த்து எழுதினோம். மூன்று வாரம் கழித்து வந்த புதிய பதிப்பில் அந்தக் கதவே இல்லை. அந்த இடத்தில் ஓர் அழுக்குத் திரையைத் தொங்க விட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஏதோ மூச்சு விடுகிறது. இப்போது அந்த நடைவழியில் போக உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. சாவி மட்டும் இன்னும் அந்த இருட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. அதையும் எழுதி அனுப்பியிருக்கிறோம்.